நீலாம்பலின் ஜாதகம்

திரையில் காற்று இருபத்தேழு என்றிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மீன் ஏலக்கூடத்துக் கூரையிலிருந்து ஒரு தகரம் பிய்த்துக்கொண்டு பறந்து, சாலையைத் தாண்டி, உப்பளத்துக்குள் போய் விழுந்தது.

இஞ்ஞாசி பர்னாந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்பது வருஷம் கடலில் கிடந்த மனுஷனுக்குக் காற்றை அளக்கக் கருவி எதற்கு? ஆடி மாதத்துக் கச்சான் காற்று காதுக்குள் இரைகிற இரைச்சலை வைத்தே சொல்லிவிடுவார். இது இருபத்தேழு இல்லை. முப்பத்தெட்டு. நாற்பதாகவும் இருக்கலாம்.

கடலில் காற்றை நாட் என்ற கணக்கில் அளப்பார்கள். ஆளையும் வண்டியையும் சேர்த்து ஏற்றுகிற நீலாம்பல் மாதிரிக் கப்பலுக்கு இருபத்தெட்டு நாட்தான் எல்லை. அதைத் தாண்டினால் கரையில் கட்டிய கயிற்றை அவிழ்க்கவே கூடாது என்பது சட்டம். இன்றைக்கு அவிழ்த்து ஐம்பது நிமிஷம் ஆகிவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர், இருபத்தாறு வண்டிகள், கொம்புத்தீவு மாதா கோயில் திருவிழாவுக்கு ஏற்ற வேண்டிய கொடி, எல்லாம் நடுக்கடலில்.

“நஜிமா, இந்த இருபத்தேழு எங்கேருந்து வருது?” என்றார்.

நஜிமா அந்தத் துறைமுகக் கட்டுப்பாட்டு அறையின் கணினிப் பொறியாளர். கீழக்கரைக்காரி. இஞ்ஞாசி அங்கே கண்காணிப்பாளர் என்ற பெயரில் உட்கார்ந்திருப்பவர். கண்காணிக்கத்தான் முடியும், வேறு எதுவும் செய்ய முடியாது என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

“கப்பல் உச்சியில இருக்கிற மீட்டர்லேருந்துதான்ணே.”

“மீட்டர் சொல்றத அப்படியே காட்டுதா?”

“அப்படியே எப்படிக் காட்டும்? சுக்கான் சரிபண்ணித்தான் காட்டும். ஜாதகத்த வச்சு.”

இஞ்ஞாசி நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

சுக்கான் என்பது கப்பலை ஓட்டும் கணினி மூளைக்கு வைத்த பெயர். இரண்டு வருஷமாக நீலாம்பலில் கேப்டன் கிடையாது. எந்தக் கேப்டனுக்கும் ஒரே கப்பலில் நாற்பத்தொரு வருஷ அனுபவம் இருக்காது, சுக்கானுக்கு இருக்கும் என்று சொல்லித்தான் அதை மாட்டினார்கள். கப்பலின் பணி வரலாறு முழுவதையும் அது படித்திருந்தது. அந்த வரலாற்றைத்தான் கப்பல்காரர்கள் ஜாதகம் என்பார்கள். கப்பல் பனி கொட்டுகிற ஏதோ வடதேசத்தில் பிறந்து, மலைகளுக்கு நடுவே பதினான்கு வருஷம் கார்களை அக்கரை சேர்த்து, பிறகு வெள்ளைவெளேரென்று வீடுகள் உள்ள தீவுகளுக்கு நடுவே ஒன்பது வருஷம் ஓடி, கடைசியில் கைமாறி இந்த ஊருக்கு வந்தது. பழைய இரண்டு பெயர்களும் பெயிண்டுக்கு அடியில் இன்னும் புடைத்துக்கொண்டு தெரியும். அந்த ஊர்களில் அடித்த காற்றை அடித்தபடியே எழுதி வைத்திருந்தார்கள்.

இந்த ஊரில் பதினெட்டு வருஷம். முதல் பதினாறு வருஷமும் காற்றை எழுதிய கை பெரும்பாலும் இஞ்ஞாசியினுடையது. அப்போது அவர் கப்பலின் முதன்மை அதிகாரி.

நஜிமா இரண்டு வரிசை எண்களைத் திரையில் கொண்டுவந்தாள்.

“இது மீட்டர் தன்பாட்டுக்கு உள்ளுக்குள்ள சேத்து வச்சிருந்தது. இது நீங்கள்லாம் கையால எழுதினது. சுக்கான மாட்டும்போது ரெண்டையும் படிக்கக் குடுத்தோம். ரெண்டும் ஒத்துப் போகல. அதனால மீட்டர் கூடுதலாக் காட்டுது, மனுஷங்க பாத்துத் திருத்தியிருக்காங்கன்னு அது கத்துக்கிட்டிருக்கு. இப்ப மீட்டர்ல நாப்பது. பதிமூணு கழிச்சு இருபத்தேழு.” கையால் எழுதிய வரிசையை விரலால் கீழே தள்ளிக்கொண்டே போனாள். “ஏண்ணே, பதினாறு வருஷத்துல ஒரு நாள்கூட இந்த ஊர்ல இருபத்தேழுக்கு மேல காத்தடிக்கலையா?”

இஞ்ஞாசி ஜன்னல் வழியே ஐஸ் பேக்டரிச் சுவரைப் பார்த்தார்.

அந்த வித்தியாசத்துக்குப் பெயர் ஐஸ் பேக்டரிக் கழிவு. கப்பலைக் கட்டி நிறுத்தும் மேடைக்குப் பக்கத்தில் ஐஸ் பேக்டரி எழும்பியபோது அதன் சுவரில் மோதித் திரும்பிய காற்று மீட்டரை ஏமாற்றியது. மூன்று நாட் கழித்து எழுதிக்கொள்ளலாம் என்று மேலிடம் அனுமதி கொடுத்தது. நியாயமான கழிவுதான். ஆனால் தீவில் நாலாயிரம் சனம். ஒரு நாள் பிரசவ வலியோடு ஒருத்தி கிடந்தாள், மூன்று ஐந்தாயிற்று. ஒரு நாள் கல்யாண மாப்பிள்ளையே இந்தக் கரையில் மாட்டிக்கொண்டான், ஐந்து எட்டாயிற்று. கிளம்பும்போது இருபத்தேழு என்று எழுதிவிட்டு நடுக்கடலில் நாற்பது என்று எழுதினால் யாராவது கேட்பார்களே என்று, ஐஸ் பேக்டரியே இல்லாத நடுக்கடலிலும் கழித்தார்கள். “கழிவு போட்டாச்சாண்ணே?” என்று பயணிகளே கேட்பார்கள். யாருக்கும் அது பொய்யாகத் தோன்றவில்லை. உதவியாகத்தான் தோன்றியது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுக்கான் அந்த மீட்டரைப் படித்தபோது இஞ்ஞாசி பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயந்தார். ஒன்றும் ஆகவில்லை. இயந்திரம் மீட்டரைப் பொய்யென்று தள்ளிவிட்டு மனிதனை நம்பியது. எந்த மேலதிகாரியும் அவரை அவ்வளவு நம்பியதில்லை. அவரும் ஏப்பம் விட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்.

“எத்தன மணிக்குக் கொம்புவாய்?”

“மூணு நாப்பது.”

மணி மூன்று ஐந்து. கொம்புவாய் என்பது தீவுக்குள் நுழையும் வழி. இரண்டு பக்கமும் பாறை. அதுவரை காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போகிற கப்பல், அந்த இடத்தில் திரும்பி விலாவைக் காட்ட வேண்டும். நாற்பது நாட் காற்று அந்த உயரமான விலாவில் அறைந்தால் என்ன நடக்கும் என்று இஞ்ஞாசிக்குத் தெரியும். ஒரு தடவை பார்த்திருக்கிறார்.

“நிறுத்து. திரும்பி வரச் சொல்லு.”

“நான் சொல்லி அது கேக்காதுண்ணே. உங்களுக்குத் தெரியாதா?” நஜிமாவின் குரல் உயர்ந்தது. “போன வருஷம் வடக்கே ஒரு கண்காணிப்பாளர் பதறிப்போயி நிறுத்தினாரு. நின்ன கப்பல் காத்தோட போயிப் பாலத்துல மோதிச்சு. அதுக்கப்புறம்தான் சட்டம் போட்டாங்க. பயமா இருக்கு, மனசு சொல்லுதுன்னெல்லாம் சொல்லி நிறுத்த முடியாது. அது படிச்ச பாடம் தப்புன்னு சான்றோட காட்டணும். அதுவும் கையெழுத்துப் போட்டு.”

“நான்தான் சான்று. மைக்கப் போடு.”

சுக்கானின் குரல் ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரல் மாதிரி இருந்தது. “வணக்கம், கண்காணிப்பாளர் அவர்களே. சொல்லுங்கள்.”

“கழிவெல்லாம் பொய். மூணுக்கு மேல கழிச்சதெல்லாம் நாங்களா எழுதினது. நானே எழுதியிருக்கேன்.”

“எந்தெந்தப் பயணங்களில்?”

இஞ்ஞாசி சொன்னார். பிரசவ நாள், மாப்பிள்ளை நாள், பரீட்சைப் பிள்ளைகளை ஏற்றிய நாள். தேதி மறந்த இடத்தில் நஜிமா தேடி எடுத்துக் கொடுத்தாள். பதினான்கு பயணங்கள். கடிகாரத்தில் மூன்று பதினாறு.

“பதிந்துகொண்டேன்,” என்றது சுக்கான். “ஆனால் அந்தப் பதினான்கு பயணங்களிலும் கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருக்கிறது. நீங்கள் கழித்தது தவறு என்றால் கேடு நேர்ந்திருக்க வேண்டும். கேடு நேர்ந்த பயணம் ஒன்றே ஒன்று. பயண எண் 1,406. ஓர் உயிரிழப்பு. அன்று பதிவான காற்று இருபத்தேழு. காரணம் காற்று அல்ல, மாலுமி தஸ்நேவிஸ் லாரியின் சங்கிலியைச் சரியாகப் பூட்டவில்லை என்று விசாரணை முடிவு செய்திருக்கிறது. கொம்புவாயில் இன்றைய காற்று பாதுகாப்பானது என்று நான் கொள்வதற்கு அந்தப் பயணமே முக்கிய ஆதாரம். அதைப் பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?”

இஞ்ஞாசி மைக்கை அணைத்தார்.

நஜிமா அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தஸ்நேவிஸ் யாரென்று அந்தத் துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். இப்போது நீலாம்பலில் இன்ஜினியராக இருக்கும் பிலோமியின் அப்பா. சங்கிலியைப் பூட்டாமல் விட்டு, ஐஸ் லாரி உருண்டு வந்து நசுக்கிச் செத்துப்போனவர்.

“அண்ணே,” என்றாள் மெதுவாக. “ஒண்ணு சொல்லிடுறேன். ஜாதகத்துல ஒரு எழுத்து மாறினாலும் கப்பல் கூடத்துல இருக்கிற பலகையில உடனே வரும். பயணிகளுக்குத் தெரியணும்னு சட்டம். பிலோமியும் பாக்கும்.”

“முதல்ல அவகிட்டப் பேசணும். லைனப் போடு.”

காற்றிரைச்சலுக்கு நடுவே பிலோமியின் குரல் வந்தது. வண்டித் தளத்தில் நின்றுகொண்டிருந்தாள். “மாமா, இது இருபத்தேழு மாதிரி இல்லியே? ஆட்டம் தாங்க முடியல. சனமெல்லாம் செபமாலையக் கையில எடுத்துட்டாவ.”

“வண்டியெல்லாம் எப்படிம்மா இருக்கு?”

“அதெல்லாம் அசையாது. எல்லாச் சங்கிலியும் ரெண்டு ரெண்டாப் போட்டு, ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டேன். எங்கப்பா மாதிரி விட்டுருவேனா?” என்று சிரித்தாள். “இன்ஜின நிறுத்தட்டுமா மாமா?”

“நிறுத்திராத! நின்னா பாறைக்குத்தான் போவும். கொஞ்சம் பொறு.”

லைன் அறுந்தது. கல்லூரியில் அவளைச் சேர்க்கச் சிபாரிசுக் கடிதம் எழுதியவர் இஞ்ஞாசி. முதல் நாள் வேலைக்கு வந்தபோது கப்பலின் ஏணிப்படி வரை கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். அவள் மாமா என்று கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் எதுவோ சுருங்கும். ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்காமல் அவரால் இருக்க முடியாது.

ஒரே ஒரு ஆறுதல் அவருக்கு உண்டு. ஒருவேளை தஸ்நேவிஸ் நிஜமாகவே சங்கிலியை லேசாகத்தான் பூட்டினானோ என்னவோ. யார் கண்டது? பதினான்கு வருஷமாக அந்த ‘ஒருவேளை’யைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினார்.

மணி மூன்று இருபத்திரண்டு.

சொல்லாமல் இருந்தால் என்ன என்று மனது ஒரு கணம் கேட்டது. கப்பல் எப்படியாவது உள்ளே போய்விடலாம். எத்தனையோ தடவை போயிருக்கிறது. தன் மனது அப்படிக் கேட்டதில் அவருக்கே அருவருப்பு வந்தது. அன்றைக்கும் இதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டார்.

மைக்கைப் போட்டார்.

“பயணம் 1,406. மீட்டர்ல நாப்பத்தொண்ணு. எழுதினது இருபத்தேழு. எழுதினவன் இஞ்ஞாசி பர்னாந்து, முதன்மை அதிகாரி.”

“எழுதியதன் காரணம்?”

“கொடி.”

“விளக்கமாகச் சொல்லுங்கள்.”

“இதே திருவிழா. கொடி கப்பல்ல இருந்துச்சு. தீவுல எல்லாரும் காத்துக்கிட்டு நின்னாங்க. இங்க முந்நூறு பேரு கப்பல்ல ஏறி உக்காந்துக்கிட்டு என்னையே பாத்தாங்க. கேப்டனோ, எனக்குத் தெரியாது, உம்ம பேனா என்ன எழுதுதோ அதுதான்னுட்டாரு. தஸ்நேவிஸ் ஓடி வந்து, காத்து எவ்வளவுண்ணேன்னு கேட்டான். இருபத்தேழுடான்னேன். வானத்தப் பாத்தான். என்னையப் பாத்துச் சிரிச்சான். ஒண்ணும் சொல்லாம சங்கிலி ரூம் பக்கம் போயிட்டான்.” திரையில் மணியைப் பார்த்தார். “கொம்புவாய்ல கப்பல் சாஞ்ச சாய்வுக்கு எந்தச் சங்கிலியும் நிக்காது. காத்துதான் கொன்னது. இருபத்தேழு காத்துல பூட்டின சங்கிலி அறாதுன்னு விசாரணையில சொன்னாங்க. அந்த இருபத்தேழு நான் எழுதினது.”

“விசாரணையில் இதைக் கூறாததன் காரணம்?”

“பயம்.”

சுக்கான் மேற்கொண்டு கேட்கவில்லை. திரையில் கையெழுத்துக் கட்டம் வந்தது. இஞ்ஞாசி விரலால் கையெழுத்துப் போட்டார். கோடு கட்டத்துக்கு வெளியே போனதால் முதல் தடவை ஏற்கவில்லை. இரண்டாவது தடவை நஜிமா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் இருந்த இருபத்தேழு அழிந்தது. கொஞ்ச நேரம் அந்த இடம் வெறுமையாக இருந்தது. பிறகு நாற்பது என்று சிவப்பில் வந்தது.

“பயணம் தொடரத் தக்கதல்ல. திறந்த கடலிலேயே திரும்புகிறேன். பயணிகள் அனைவரும் உட்காரவும். வண்டித் தளத்தில் ஒருவரும் நிற்க வேண்டாம்.”

திரும்புவதும் லேசான காரியமில்லை. அரை நிமிஷமாவது கப்பல் காற்றுக்கு விலாவைக் காட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் இங்கே பாறை கிடையாது, ஆழம் உண்டு. சாய்வு மீட்டர் பத்து காட்டியது. பதினைந்து. பத்தொன்பது. இஞ்ஞாசி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டித் தளத்துக் கேமராவில் ஒரு ஐஸ் லாரி தெரிந்தது. அதன் சக்கரங்களில் இரண்டிரண்டாகச் சங்கிலி. இருபத்திரண்டு. லாரி முனகியபடி ஒரு பக்கமாகச் சாய்ந்து, சங்கிலிகள் விறைத்து நின்றன. ஒன்றுகூட அறவில்லை.

பிறகு எண் இறங்கியது. பதினைந்து, எட்டு, மூன்று. கப்பல் காற்றுக்கு முகத்தைக் கொடுத்து, மெதுவாகக் கரையைப் பார்த்து வரத் தொடங்கியது.

“யா அல்லாஹ்,” என்று நஜிமா நாற்காலியில் சரிந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து திரையைப் பார்த்தவள், “அண்ணே, இதப் பாருங்க,” என்றாள். குரல் மாறியிருந்தது.

திருத்திய ஜாதகம் வந்திருந்தது. காற்றை மாற்றிய கையோடு சுக்கான் அந்த நாளின் மற்றப் பதிவுகளையும் புதிதாகப் படித்திருந்தது. அதற்கு வேறு வேலை தெரியாது. எதையும் மறைக்கவும் தெரியாது.

பயணம் 1,406. காற்று நாற்பத்தொன்று. சங்கிலி அறைப் பதிவேட்டின்படி, புறப்பட ஆறு நிமிடம் முன்பு மாலுமி தஸ்நேவிஸ் வழக்கமான எண்ணிக்கையைப் போல் இரண்டு மடங்கு சங்கிலி எடுத்துச் சென்றுள்ளார். அமைதியான காற்றில் இதற்குப் பொருள் இல்லாததால், முன்பு இது எண்ணிக்கைப் பிழை எனக் கொள்ளப்பட்டது. இப்போது பொருள் உண்டு. ஐஸ் லாரிக்கு இரட்டைச் சங்கிலி பூட்டப்பட்டிருந்தது. மாலுமியின் பணியில் குறை இல்லை.

இஞ்ஞாசி இரண்டு தடவை படித்தார். அன்றைக்குத் தஸ்நேவிஸ் சிரித்துவிட்டுச் சங்கிலி அறைப் பக்கம் போனதைத் தன் கண்ணால் பார்த்தவர் அவர். எதற்குப் போனான் என்று பதினான்கு வருஷத்தில் ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசிக்கத் துணிந்ததில்லை. அண்ணன் பொய் சொல்கிறார் என்று தெரிந்தும் அண்ணனைக் காட்டிக்கொடுக்காமல், தன்னால் முடிந்ததைச் செய்யப் போயிருக்கிறான். கையில் மிச்சமிருந்த அந்த ‘ஒருவேளை’யும் போய்விட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று ஐம்பதுக்கு லைன் வந்தது. நஜிமா எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.



“கூடத்துல நிக்கேன்,” என்றாள் பிலோமி. “பலகைய எல்லாரும் படிக்காவ. ஒருத்தரும் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்காவ.”

“பிலோமி...”

“நான் பேசி முடிச்சுக்கிறேன்.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “இந்தக் கப்பல்ல ஏறின நாள்லேருந்து ஒவ்வொரு டிரிப்புக்கும் சங்கிலிய ரெண்டு ரெண்டாப் பூட்டுறேன். எங்கப்பா செஞ்ச தப்ப நான் சரிபண்ணுறதா நெனச்சுக்கிட்டு. அவரும் இதையேதான் செஞ்சிருக்காரு. எங்கம்மா சாகுற வரைக்கும் கோயில்ல கடைசி பெஞ்சுலதான் உக்காருவா. நீங்க முன்னால உக்காந்திருப்பீங்க.”

இஞ்ஞாசிக்கு மன்னிப்புக் கேட்க வார்த்தை வந்தது. கேட்டால் அவள் அதற்கும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றியது. அந்தச் சுமையையும் அவள் தலையில் ஏற்ற அவருக்கு மனது வரவில்லை. கண்ணீர் மட்டும் தன்பாட்டுக்கு வழிந்தது.

“எதிர்க்காத்துல கரைக்கு வர ரெண்டு மணி நேரம் ஆவும்,” என்றாள். இப்போது அது இன்ஜினியரின் குரல். “மேடைகிட்ட வந்ததும் கயிறு போடணும். இப்ப அங்க காத்து எவ்வளவு?”

அவர் எழுந்து, மேடைக் காற்றைக் காட்டும், ஜன்னலோரம் இருந்த பழைய முள் மீட்டரைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

“முப்பத்தொன்பது.”

“கழிச்சா?”

“கழிக்காம.”

“எழுதிக்கிட்டேன்,” என்று சொல்லிவிட்டு அவள் லைனை வைத்தாள். மாமா என்று சொல்லவில்லை.